முப்பத்தைந்துக்குக் கீழே

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு வயது 26. கணக்குத் தணிக்கை ஆபீஸ் ஒன்றில் வேலை. வந்தவள் செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, நேரே போய் ஊஞ்சலில் சுருண்டு படுத்துக்கொண்டாள். மாதத்தில் மூன்று நாள் அவள் இப்படித்தான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். எல்லோருக்கும் தெரிந்த சமாசாரமாகையால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

காபி கலந்து கொண்டுவந்து வைத்தேன். அவள் தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அதில் சி.ஏ. 125 என்று ஒரு பெயர். அதற்கு நேரே 28 என்று ஓர் எண். பக்கத்தில் 35 வரை சரியான அளவு என்று ஒரு குறிப்பு.

"35-க்குள்தானே இருக்கிறது? நல்ல சேதிதானே கண்ணு?" என்றேன்.

"டாக்டரும் அதையேதான் சொன்னார், அத்தை. எல்லாம் நார்மல், மனசைப் போட்டு அலட்டிக்காதேன்னார். அப்போ இந்த வலி என்ன? நான் பொய் சொல்றேனா?"

சமையலறை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா, தலையை நிமிர்த்தாமலே, "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்கடி. எல்லாம் தானே சரியாகும்" என்றாள்.

நான் கதை எழுதிப் பிழைப்பவள். காலேஜில் இரண்டு வருஷம் எட்டிப் பார்த்ததோடு என் படிப்பு முடிந்தது. வைத்திய சாஸ்திரத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. ஆனாலும் அந்தப் பெண் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. 28 என்ற எண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? 35 என்ற கோட்டைப் போட்டவர் யார்? யாருக்காகப் போட்டார்? இதைத் தேடிக்கொண்டு போனேன். சில மாதங்கள் புத்தகங்களோடும் ஆராய்ச்சி ஏடுகளோடும் மல்லுக்கட்டியதில் கிடைத்த சரித்திரத்தைத்தான் வாசகர்களுக்கு இங்கே சொல்கிறேன்.

முதலில் வியாதியின் பெயர். எண்டோமெட்ரியோசிஸ். வாயில் நுழையச் சற்றுச் சிரமமான பெயர்தான். விஷயம் அப்படியொன்றும் கஷ்டமில்லை. கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மாதாமாதம் அது தடித்து வளர்கிறது; கரு தங்காவிட்டால் உதிர்ந்து வெளியேறுகிறது. அதே ஜாதியைச் சேர்ந்த துணுக்குகள் சில பெண்களுக்குச் சினைப்பையிலும், குடலின் மேலும், வயிற்றின் உட்சவ்விலும் ஒட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் நடத்துகின்றன. மாதம் தவறாமல் அவையும் கசிகின்றன. ஆனால் அந்த ரத்தம் வெளியேற வாசல் இல்லை. விளைவு, அழற்சியும் தழும்பும். உள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. வலி ஒரு பக்கம். பலருக்குக் குழந்தை தங்காத துயரம் இன்னொரு பக்கம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவிகிதம் பேருக்கு, அதாவது உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த வியாதி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் நம் தெருவிலேயே எத்தனை வீட்டில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வியாதியை வைத்தியர்கள் முதலில் பார்த்தது உயிரோடிருந்த பெண்களிடம் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கார்ல் வான் ரொகிடான்ஸ்கி என்பவர் பிரேதப் பரிசோதனை நிபுணராக இருந்தார். தம் ஆயுளில் சுமார் 30,000 பிரேதங்களைப் பரிசோதித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1860-ல் அவர், கர்ப்பப்பைச் சவ்வைப் போன்ற திசு இருக்கக் கூடாத இடத்தில் வளர்ந்திருந்ததைப் பற்றி எழுதினார். அவர் கண்டது இதே வியாதிதானா, இதன் ஒன்றுவிட்ட சகோதரியா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். அந்தப் பெண்கள் உயிரோடிருந்தபோது எங்கே வலிக்கிறது என்று யாரிடம் சொன்னார்களோ, சொன்னதை யார் கேட்டார்களோ, அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பிறகு காட்சி அமெரிக்காவுக்கு மாறுகிறது. பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் தாமஸ் கல்லன் என்ற டாக்டர், 1896 தொடங்கி, இப்படிப்பட்ட வளர்ச்சிகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். உடம்பில் அவை எங்கெங்கே தங்குகின்றன என்று 1920-ல் ஒரு படமே போட்டுக் காட்டினார். அதே பால்டிமோரில் பயிற்சி பெற்ற ஜான் சாம்ப்ஸன் என்பவர் நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகரத்தில் அறுவை வைத்தியராக இருந்தார். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி, சாக்லேட் கரைசல்போல் கெட்டித்துக் கிடக்கும் கட்டிகளைப் பற்றி அவர் 1921-ல் எழுதினார். இன்றைக்கும் டாக்டர்கள் 'சாக்லேட் கட்டி' என்றுதான் சொல்கிறார்கள். தின்பண்டத்தின் பெயரை இவ்வளவு கசப்பான காரியத்துக்கு வைத்தார்களே என்று எனக்கு வருத்தம்தான்! எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை 1920-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் சாம்ப்ஸன்தான்.

அவர் ஒரு காரணமும் சொன்னார். மாதவிலக்கு ரத்தம் முழுவதும் கீழ்நோக்கிப் போவதில்லை. ஒரு பகுதி சினைக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது. அதோடு போகும் துணுக்குகள் அங்கே விதைபோல் ஊன்றிக்கொள்கின்றன என்றார். பெரும்பாலான பெண்களுக்கு இந்தப் பின்னோட்டம் உண்டு என்று பின்னாளில் தெரிந்தது. அப்படியானால் எல்லோருக்கும் ஏன் இந்த வியாதி வருவதில்லை? விதை எல்லா நிலத்திலும் விழுகிறது. சில நிலத்தில் மட்டும் ஏன் முளைக்கிறது? இதற்கு முழு விடை இன்னும் கிடைத்தபாடில்லை.

இங்கே பாஸ்டன் நகரத்து ஜோ மீக்ஸ் என்ற அறுவை வைத்தியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் காலம் கடந்து கல்யாணம் செய்துகொள்வதும், காலம் கடந்து பிள்ளை பெறுவதுமே இந்த வியாதி பெருகக் காரணம் என்று 1940-களில் அவர் வாதித்தார். சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் குழந்தை என்பது மருந்துச் சீட்டாயிற்று. 'வேலைக்குப் போகிற பெண்களின் வியாதி' என்ற பட்டமும் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அந்த நிபுணரும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மாவும் ஒரே வைத்தியம் சொல்லியிருக்கிறார்களே! பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயமாக இல்லை. வசதியுள்ள பெண்கள் டாக்டரிடம் போனார்கள். ஆகவே டாக்டர் கண்ணில் பட்டார்கள். வசதியில்லாதவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கண்ணில் படாதவர்களுக்கு வியாதி இல்லை என்று கணக்காகிவிட்டது. கல்யாணமோ குழந்தையோ இதைத் தீர்த்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இன்றைக்கு டாக்டர்களே சொல்கிறார்கள்.

சரி, உயிரோடிருக்கும் பெண்ணிடம் இதை எப்படி நிச்சயம் செய்வது? வெகுகாலம் வரை வயிற்றைத் திறந்து பார்ப்பதுதான் ஒரே வழி. பாரிஸ் நகரத்தில் ராவுல் பால்மர் என்ற டாக்டர் 1940-களில் தொப்புளருகே சிறு துவாரமிட்டுக் குழல் வழியாக உள்ளே பார்க்கும் முறையைப் பெண்களின் வைத்தியத்தில் வளர்த்தார். பின்னாளில் சோதனைக் குழாய்க் குழந்தைக்காக உலகப் புகழ் பெற்ற பாட்ரிக் ஸ்டெப்டோ, 1967-ல் அந்த முறையைப் பற்றி இங்கிலீஷில் புத்தகம் எழுதிப் பரப்பினார். அதுதான் லாபரோஸ்கோப். பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனாலும் மயக்க மருந்து வேண்டும், ஆபரேஷன் மேஜை வேண்டும், பணம் வேண்டும். வலிக்கிறது என்று ஒரு பெண் சொல்வதை நிரூபிக்க அவள் உடம்பில் துவாரம் போட வேண்டியிருந்தது.

ஒரு சொட்டு ரத்தத்தில் சாட்சி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சர்க்கரை வியாதியை ரத்தம் காட்டிக் கொடுக்கவில்லையா? அப்படி உடம்பே காட்டிக் கொடுக்கும் பொருளுக்கு பயோமார்க்கர் என்று பெயர். உயிரியல் அடையாளம் என்று சொல்லலாம்.

இந்த இடத்தில்தான் சி.ஏ. 125 மேடைக்கு வருகிறது. அது வந்த கதையே வேறு. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரே ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1984-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த முறையைக் கையாண்டு, பாஸ்டனில் ராபர்ட் பாஸ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் சினைப்பைப் புற்றுநோயைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம் ஒன்றைத் தேடினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துக்கொண்டே வந்ததில் 125 என்று எண்ணிட்டது தேறியது. அந்தத் தேர்வு எண்ணே பெயராக நிலைத்துவிட்டது. 1981-ல் அதைப் பற்றி எழுதினார்கள். 1983-ல் ரத்தப் பரிசோதனையாகவே கொண்டுவந்தார்கள்.

அந்த 1983-ஆம் வருஷத்து ஆராய்ச்சியில்தான் நான் தேடிக்கொண்டிருந்த 35 கிடைத்தது. ஆரோக்கியமாகத் தோன்றிய 888 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அவர்களில் 100-க்கு ஒருவருக்குத்தான் 35-க்கு மேல் இருந்தது. சினைப்பைப் புற்றுநோய் கண்ட 101 பேரில் 82 சதவிகிதத்தினருக்கு 35-ஐத் தாண்டியிருந்தது. ஆகவே அங்கே ஒரு கோடு போட்டார்கள். புற்றுநோய்க்காரர்களை வைத்தியத்தின்போது கண்காணிக்க அது நல்ல கோடு. ஆனால் பாருங்கள், மாதாமாதம் ஊஞ்சலில் சுருண்டு படுக்கிற ஒரு பெண்ணின் வலி மெய்யா பொய்யா என்ற கேள்வியை அந்தக் கோட்டைப் போட்டவர்கள் கேட்கவே இல்லை. வேறொரு கேள்விக்குப் போட்ட கோட்டைக் கொண்டுவந்து என் அண்ணன் மகளின் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

இதற்கு ஒரு காரணம் இல்லாமல் இல்லை. முற்றிய எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் ரத்தத்தில் சி.ஏ. 125 உயர்கிறது என்று 1986-ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். சாட்சி கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். குறுக்கு விசாரணையில்தான் சாட்சி உளற ஆரம்பித்தது. மாதவிலக்குச் சமயத்தில் அது உயர்கிறது. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் உயர்கிறது. வயிற்றில் க்ஷயரோகம் கண்டாலும் உயர்கிறது. ஆரம்ப நிலை எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பலருக்கோ உயர்வதே இல்லை. இருக்கிறது என்றாலும் நிச்சயமில்லை. இல்லை என்றாலும் நிச்சயமில்லை.

பிறகு வேறு சாட்சிகளைத் தேடும் படலம் ஆரம்பமாயிற்று. அழற்சிப் புரதங்கள், ஹார்மோன்கள், எதிர்ப்புப் புரதங்கள், புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் பொருள்கள் என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏற்றினார்கள். 2010-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் அதுவரை வந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது 100-க்கு மேற்பட்ட அடையாளங்கள் சேர்ந்திருந்தன. 2016-ல் கோக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு ரத்தத்தில் தேடிய ஆராய்ச்சிகளை மட்டும் தனியாக எடுத்து அலசியது. 141 ஆராய்ச்சிகள், 15,141 பெண்கள், 122 அடையாளங்கள். கடைசியில் எழுதிய தீர்ப்பு என்ன? ஆராய்ச்சிக்கு வெளியே, வைத்தியத்தில் நம்பிக் கையாள இவற்றில் ஒன்றுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான்.

122 சாட்சிகள் வந்தும் வழக்கு ஏன் நிற்கவில்லை? எனக்குப் புரிந்தவரையில் மூன்று காரணங்கள். ஒன்று, பெண்ணின் ரத்தம் நின்ற குளம் அல்ல. மாதம் முழுவதும் ஏறி இறங்குகிற கடல். இன்றைக்கு எடுத்த அளவும் இரண்டு வாரம் கழித்து எடுத்த அளவும் ஒன்றாக இராது. இரண்டு, எண்டோமெட்ரியோசிஸ் என்பது ஒரே முகமுள்ள வியாதி அல்ல. ஒருத்திக்குச் சவ்வின் மேல் சில புள்ளிகள். ஒருத்திக்குச் சாக்லேட் கட்டி. இன்னொருத்திக்குக் குடல் வரை ஆழமாக ஊன்றிய வேர். கொஞ்சம் இருப்பவள் துடித்துப் போவதும், நிறைய இருப்பவள் வலியே இல்லாமல் நடமாடுவதும் உண்டு. மூன்றாவது காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. ஒரு பரிசோதனை சரிதானா என்று பார்க்க, வியாதி இல்லாத பெண்களும் வேண்டும். இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல, அவர்கள் வயிற்றுக்குள்ளும் குழலைவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். வேறு ஏதாவது கோளாறு இல்லாமல் எந்தப் பெண் அதற்கு வந்து படுப்பாள்?

தேடல் நின்றுவிடவில்லை. 1993-ல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்பொருளைக் கண்டுபிடித்தார்கள். எந்த ஜீன் எவ்வளவு பேச வேண்டும் என்று அடக்கி வைக்கும் துணுக்கு அது. கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரான்ஸ் தேசத்து டாக்டர்கள் 2022-ல், 200 பெண்களின் உமிழ்நீரைச் சோதித்து, 109 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துப் பார்த்தால் இந்த வியாதியைக் கண்டுகொள்ளலாம் என்று எழுதினார்கள். ஒற்றைச் சாட்சிக்குப் பதிலாக ஓர் ஊரையே கூட்டி வைத்துக் கேட்பதுபோல! அந்நாட்டுச் சுகாதார ஆணையம் 2024 ஜனவரியில் இதைப் புதுமையான முறை என்று ஏற்றது. ஆனால் ஆராய்ச்சியை இன்னும் தொடர்ந்து பலனை நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2023-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், இந்த வியாதி கண்ட 60,000-க்கு மேற்பட்ட பெண்களின் மரபுப் பொருளைப் பார்த்து, சம்பந்தமுள்ள 42 இடங்களைக் குறித்திருக்கிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் நல்ல சாட்சி கிடைக்கும் என்று நானும் நம்புகிறேன்.

அந்த நாள் வரும் வரையில் என்ன செய்வது? இங்கிலாந்தில் என் தொழிலைச் சேர்ந்த ஓர் அம்மாள் இருந்தார். ஹிலரி மேண்டல் என்று பெயர். இரண்டு முறை புக்கர் பரிசு வாங்கிய நாவலாசிரியை, 2022-ல் காலமானார். இருபது வயதை ஒட்டி அவர் வலி என்று டாக்டர்களிடம் போனபோது மனநோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். எழுதுவதை நிறுத்தும்படிகூட ஒரு மனநோய் டாக்டர் சொன்னாராம். கடைசியில், ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானாவில் வசித்தபோது, மருத்துவப் புத்தகத்தைப் படித்துத் தம் வியாதியைத் தாமே கண்டுபிடித்தார். 27-ஆம் வயதில் லண்டனில் நடந்த ஆபரேஷனில் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளை பெறும் வாய்ப்பும் அதோடு போயிற்று. அவரொருவர் கதை மட்டும் அல்ல இது. 1996-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வலி தொடங்கியதிலிருந்து வியாதியின் பெயர் தெரிவதற்கு இங்கிலாந்துப் பெண்களுக்குச் சராசரியாகச் சுமார் 8 வருஷமும், அமெரிக்கப் பெண்களுக்குச் சுமார் 12 வருஷமும் ஆகியிருந்தன. வலி என்ற அடையாளம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. அதை அடையாளமாக ஒப்புக்கொள்ளத்தான் அத்தனை வருஷம்!

இப்போது சாஸ்திரமும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறது. 2017-ல் இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டிக் குறிப்பு, சி.ஏ. 125-ஐ வைத்து இந்த வியாதியை நிச்சயம் செய்யக்கூடாது என்றும், அளவு 35-க்குக் கீழே இருந்தாலும் வியாதி இருக்கலாம் என்றும் எழுதியது. 2022-ல் ஐரோப்பிய வழிகாட்டி, ரத்த அடையாளங்களை நம்ப வேண்டாம் என்றதோடு, எல்லோருக்கும் குழலைவிட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. பெண் சொல்வதைக் கேட்டு, உடம்பைப் பரிசோதித்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சந்தேகம் வலுவாக இருந்தால் வைத்தியத்தை ஆரம்பித்துவிடலாம் என்கிறார்கள்.

என் அண்ணன் மகளை வேறொரு டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் ரத்தச் சீட்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எந்த நாளில் வலி, எந்தப் பக்கம், குடல் இளகும்போது வலிக்கிறதா, எந்த வயதில் தொடங்கியது என்றெல்லாம் கேட்டார். பிறகு ஸ்கேன். இடது சினைப்பையில் ஒரு சாக்லேட் கட்டி இருந்தது. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். வலி முழுவதும் போய்விடவில்லை. ஆபீஸுக்குப் போகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்றும் அந்த டாக்டரம்மா கேட்டிருந்தார். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், இந்த வியாதிக்கான வாய்ப்பில் ஏறக்குறையப் பாதி பரம்பரையால் வருவது என்று தெரிந்திருக்கிறதாம். யாரும் இல்லை என்று நான் பதில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பித்தளைச் சொம்பிலே வெந்நீரை ஊத்தித் துணியைச் சுத்தி வயித்துலே வெச்சுண்டு, ரேழியிலே கிடப்பேன். உங்க அண்ணா பிறந்தும் நிக்கலே, நீ பிறந்தும் நிக்கலே. நாப்பத்தெட்டு வயசிலே எல்லாம் நின்னப்புறம்தான் விட்டுது" என்றாள்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"யாருடி கேட்டா?" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் நான் அந்த டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, என் பதிலைத் திருத்தச் சொன்னேன்.